தப்பு காய்ச்சும் நெருப்பு

மண்டபத்தில் விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கியில் கடல் இரைந்தது. நீலத் துணி ஒன்றை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்ட, அதற்கு நடுவே தோணியில் வருகிறவர்களாக எட்டுப் பிள்ளைகள் குனிந்து நிமிர்ந்தார்கள். மூன்றாவதாக நின்றவள் என் பேத்தி. அடுத்த சில நிமிடங்களுக்குள் அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, இரண்டு பேர் காலராவில் விழுந்து, மிச்சப் பேர் மாத்தளை முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, கோப்பி நட்டு, அது நோயில் போனபின் தேயிலை நட்டார்கள். பிறகு ஆளுக்கொரு சின்னக் கூடை வந்தது. சிரித்துக்கொண்டே கொழுந்து கிள்ளினார்கள். எல்லாம் பன்னிரண்டு நிமிடம். 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து ஊரூராக நடந்த விழாக்களில் அதுவும் ஒன்று.

ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று எனக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் தப்புச் சத்தம் எழுந்ததும் என் விரல்கள் தாமாகவே தொடையில் தட்டத் தொடங்கின. அந்த அடி எனக்குத் தெரியும். ஐம்பது வருஷத்துக்கு முன் அதைக் கேட்டுக்கொண்டு இராமுழுக்கக் கண்விழித்ததற்காக, மறுநாள் பள்ளிக்கூடத்தில் இதே கையை நீட்டிப் பிரம்படி வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது ‘தோட்டக் காட்டுக் கூத்து’. இன்றைக்கு அறிவிப்பாளர் அதை ‘எமது மரபுரிமை’ என்றார். மண்டபம் கைதட்டியது.

எங்கள் தோட்டத்தில் தப்புக்கு இரண்டு வேலை இருந்தது. விடிவதற்கு முன், குளிரில் கை விறைக்கிற நேரத்தில், காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்புவது ஒன்று. அந்தச் சத்தத்தில் அம்மா எழும்பி அடுப்பை ஊதி, ரொட்டி தட்டி வைத்து, படங்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கம்பிளியைத் தலையில் போட்டு, கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேல் கொடுத்து இருட்டுக்குள் இறங்குவார். மற்றது மாசி மாதத்து வேலை. அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரிந்ததும், நாங்கள் குடியிருந்த லயத்துக்குக் கீழே இருந்த பொட்டலில் காமன் ஊன்றுவார்கள். பேக்கரும்பும் ஆமணக்குக் கொப்பும் சேர்த்துக் கட்டி வைக்கோல் சுற்றிய கம்பம்தான் மன்மதன். அன்றிலிருந்து பௌர்ணமி வரைக்கும் இரவில் அதே தப்பு வேறு மாதிரி பேசும். காலையில் அதைக் கேட்டு முனகிக்கொண்டு எழும்புகிற சனம், இரவில் அதைக் கேட்டதும் கைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடிவரும்.

தப்படித்தவர் பணிய லயத்துக்காரர். என் அப்பாவை விட மூத்தவர். ஆனாலும் நாங்கள் சிறுவர்கள்கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். மேட்டு லயத்து ஆம்பிளைகளை மாமா, சித்தப்பா, பெரியப்பா என்று கூப்பிடச் சொல்லித் தந்த வீட்டில், அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அவர் அடிக்காமல் கூத்து இல்லை. ஆனால் கூத்து முடிந்து தேத்தண்ணி தரும்போது அவருக்குத் தனிக் கோப்பை. இதைச் சொல்லாமல் காமன் கூத்தின் பெருமையை மட்டும் நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

காமன் பண்டிகை தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எங்கள் சனத்தோடு நடந்து வந்தது. கப்பலில் ஏறும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரக்கூடியதல்ல கூத்து. பாட்டு நெஞ்சில் வந்தது, அடவு காலில் வந்தது. கூத்துப் பழக்கும் எங்கள் காமன் மாஸ்டருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரதி மன்மதன் கலியாணம் முதல் தகனம் வரை கதை முழுவதையும் அவர் தன் தகப்பனிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும்கூட எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் ஆடினார்கள். ஆனால் காமன் கூத்துக்குத்தான் பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இருக்கமாட்டார்கள். எமன் வந்தால் பொம்பிளைகள் தண்ணீர் ஊற்றுவார்கள். வீரபத்திரன் அருள் வந்து ஆடும்போது நாலு பேர் இடுப்பில் கயிறு போட்டுப் பிடிப்பார்கள். ரதியும் மதனும் லயம் லயமாக ஆடிப் போகையில் வாசலுக்கு வாசல் ஆரத்தி.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிவன் தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்க மன்மதனைக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள் தேவர்கள். தூதன் ஓலை கொண்டு வருகிறான். தான் கண்ட கெட்ட கனவைச் சொல்லி ரதி தடுக்கிறாள். அவன் போகிறான், எரிகிறான். அவள் அழுகிறாள். இதில் மன்னாரும் இல்லை, மாத்தளையும் இல்லை, தேயிலையும் இல்லை. எங்கள் சனத்தின் வரலாறு இந்தக் கதைக்குள் எங்கே இருந்தது என்பதை நான் 1973 மாசியில்தான் பார்த்தேன். அப்போது எனக்குப் பதினொரு வயது.

அதற்கு முந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. முந்திய ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் வாக்கில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. தோட்டத்து நாட்டார் பாடல்களை இடம் இடமாகத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளையும் அவர்களில் ஒருவர். அந்த வாக்கும் போயிற்று. பிறகு 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் பின்னால் பேசித் தீர்க்க. மனுப் போட்டவர்களில் அண்ணனுக்கு இந்தக் கரையும் தங்கைக்கு அந்தக் கரையுமாக விழுந்தது.

எங்கள் வீட்டில் அது அப்படியே நடந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இலங்கை. அத்தைக்கு இந்தியா. 1973 தை முடியும்போது அத்தை வீட்டுக்குப் பாஸ்போர்ட்டும், நாட்டை விட்டுப் போகச் சொல்லும் குவிட் நோட்டீசும் வந்துவிட்டன. மாசியில் பெரியப்பாதான் ரதி. தேயிலைக் கவ்வாத்து வெட்டுகிற மனுசன், முழங்கை வரைக்கும் கீறல். தன் பிள்ளை பிழைத்ததற்காக மூன்று வருஷம் ரதி வேசம் கட்டுவதாக நேர்த்தி வைத்திருந்தார். அது மூன்றாவது வருஷம். அத்தையின் கலியாணச் சேலையை வாங்கித்தான் உடுத்தினார்.

தகன இரவு. பெட்ரோமக்ஸ் ஒன்று, தீப்பந்தம் நாலு. மேட்டு லயம், பணிய லயம் எல்லாம் பொட்டலைச் சுற்றிக் குந்தியிருந்தது. தூதன் ஓலையைக் கொண்டுவந்து நீட்டினான். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கிழவியின் குரல்: “ஐயோ, நோட்டீசு வந்திருச்சே!” யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா ஓலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ரதி தடுத்துப் பாட வேண்டிய இடம் அது. மாஸ்டர் அடி எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா அதைப் பாடினார். பாடி முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. மாஸ்டர் சொல்லித்தராத அடிகள் வந்தன. போகப்போகிற குடும்பங்களை லயம் லயமாகச் சொன்னார். யார் நட்ட பலாமரம், யாருடைய பிள்ளையைப் புதைத்த மேடு, யாருடைய மாட்டுப்பட்டி என்று சொல்லிச் சொல்லி, இதையெல்லாம் யாரிடம் விட்டுப் போகிறாய் என்று கேட்டார். கடைசியில் தலைமன்னார் என்ற பேரும் அந்தப் பாட்டுக்குள் வந்தது.

அத்தை கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தார். முதலில் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டிருந்தவர், பிறகு எழும்பி நின்று அண்ணனுக்குப் பதில் பாடினார். ஒப்பாரிதான். கூத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்த பொம்பிளை பாடுவது வழக்கமில்லை. அன்றைக்கு ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பொம்பிளைகளும் கையைக் கோத்துக்கொண்டு பாடினார்கள். மாஸ்டர் தடுக்கவில்லை. தப்படிக்கிறவர் ஒரே அடியை, மெல்ல, விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்; அவருடைய மூத்த மகள் குடும்பமும் போகிற பட்டியலில் இருந்தது. கம்பத்துக்கு நெருப்பு வைக்கும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. வைக்கோல் எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் தப்பைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார். பெரட்டு அடிக்க வேண்டும்.

பங்குனியில் நானுஓயா ஸ்டேசனுக்குப் போனோம். மலைநாட்டிலிருந்து ஆட்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை எங்கள் சனம் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றது. பேர் வைத்தவர் யாரென்று தெரியாது. அதைவிடச் சரியான பேர் கிடையாது. ஸ்டேசனுக்கு ஸ்டேசன் அழுகை ஏறும், இறங்கும். பெரியப்பா பெட்டிக்கு வெளியே நின்று அத்தையின் கையைப் பிடித்திருந்தார். காமன் பொட்டலில் அவ்வளவு பாடின மனுசனுக்கு அங்கே வாயில் ஒரு சொல் வரவில்லை. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கி, திருச்சிப் பக்கம் கொஞ்சக் காலம் கஷ்டப்பட்டு, கடைசியில் கோத்தகிரிக்குப் போனார்கள். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் அத்தைக்குத் திரும்பவும் கொழுந்துக் கூடைதான் கிடைத்தது. ‘இங்கே எங்களைச் சிலோன்காரங்க என்கிறாங்க’ என்று எழுதினார். இங்கே எங்களை இந்தியாக்காரன் என்றும் கள்ளத்தோணி என்றும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

நான் பிரம்படி வாங்கியது அந்தத் தகன இரவுக்கு மறுநாள். அடித்தவர்மேல் எனக்கு இன்று கோபமில்லை. படித்து மேலே வா, இந்தத் தப்புச் சத்தத்தை விட்டு வெளியே வா என்பதுதான் அவர் நினைப்பு. அந்த நினைப்பு எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது என்பதுதான் என் வேதனை.

ஆசிரிய கலாசாலையில் படிக்கும்போது பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்த கதையைக் கேட்டு உருகியிருக்கிறேன். 1962இல் கர்ணன் போர், அடுத்த வருஷம் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1967இல் வாலிவதை. கிராமத்து அண்ணாவிமாரைக் கூப்பிட்டுப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பழக்கினார். அது பெரிய காரியம். ஈழத்துத் தமிழ் அரங்குக்கு அதிலிருந்துதான் முதுகு நிமிர்ந்தது என்று இப்போதும் சொல்வேன். அந்த ஆட்டம் மட்டக்களப்பு ஆட்டம். பேராதனையோ கண்டி மலையின் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் தேயிலை, லயம், காமன் பொட்டல். மட்டக்களப்புக் கூத்தைக் கலையென்று மதிக்கக் கற்ற நான், என் லயத்துக்குக் கீழே நடந்ததைக் கலையென்று நினைக்கவே இல்லை. இராவணேசனைப் பற்றிப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவன், மாசி மாதத்தில் ஊருக்குப் போவதைத் தவிர்த்தேன்.

1986இல் நான் தோட்டப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பையன், எங்கள் தோட்டத்துத் தப்புக்காரரின் கடைசி மகன், துணியில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்தான். அவிழ்த்தால் தப்பு. “சேர், நான் இதை அடிக்கவா?” என்றான். அதை வெளியே வைத்துவிட்டு வா என்றேன். அவன் வைத்தான். நாடகத்தில் வேலைக்காரன் பாத்திரம் கொடுத்தேன். மலையகத்தில் அப்போதே அந்தனி ஜீவா போன்றவர்கள் வீதி நாடகம் என்று தோட்டத்துப் பாட்டையும் தோட்டத்துப் பேச்சையும் சந்திக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், நான் பிறக்க இருபது வருஷத்துக்கு முன்பே, தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டம் கூட்டமாகப் போய்த் தொழிலாளரின் நிலையை அவர்களுக்குப் பழகிய மெட்டிலேயே பாடியிருக்கிறார். வழி தெரியாமல் அந்தத் தப்பை நான் வெளியே வைக்கச் சொல்லவில்லை. அடுத்த தவணைக்கு அந்தப் பையன் வரவில்லை. கொழும்பில் கடையொன்றுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வயதில் கொழும்புக்குப் போக எங்கள் பிள்ளைகளுக்கு வறுமை ஒன்றே போதும். ஆனால் கதவுக்கு வெளியே சாத்தி வைத்திருந்த அந்தத் தப்பை நான் மறந்ததில்லை.

இத்தனையும் மனதில் ஓட, அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். நடனத்தை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பழக்கிய ஆசிரியை தோட்டத்திலிருந்து படித்து வந்தவர், மாதக்கணக்கில் உழைத்திருந்தார். எங்கள் காலத்தில் ரதிக்குக்கூட ஆம்பிளைதான் வேசம் கட்டினான். இன்று எட்டுப் பெண்பிள்ளைகள் ஆயிரம் பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்று எங்கள் கதையை ஆடுகிறார்கள். அதைப் பார்க்க என் அம்மா இல்லையே என்று கண் கலங்கியது. அதே வருஷம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, அந்தப் பழைய பாதையில், பதினாறு நாள் நடந்தார்கள். நானும் கடைசி நாள் மாத்தளையில் போய் நின்றேன்.

ஆனால் மேடையில் ஒன்று குறைந்தது. தோணி கரைக்கு வருகிறது. திரும்பிப் போகவே இல்லை. 1823இலிருந்து கிளம்பிய கதை கொழுந்துக் கூடையில் வந்து நின்றுவிட்டது. 1948 இல்லை, 1964 இல்லை, ஒப்பாரிக் கோச்சி இல்லை. இரண்டு நாட்டுப் பெரியவர்களும் வருகிற மேடைகளில் வந்த கதையைச் சொல்வது சுலபம். எத்தனையோ வீடுகளில் பிரிந்த சொந்தத்தின் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது. அவர்களைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பியதைச் சொல்ல மேடையில் இடமில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் ஆசிரியையிடம் மெதுவாகக் கேட்டேன். “இருந்தது சேர், எழுதியிருந்தேன். நேரம் பன்னிரண்டு நிமிசம்தான் தந்தாங்க. சந்தோசமா முடிக்கச் சொன்னாங்க” என்றார். அவர் முகத்தில் அந்த வெட்டிய பகுதி தெரிந்தது.

வெளியே வரும்போது படிக்கட்டில் ஒரு இளைஞன் மடியில் தப்போடு உட்கார்ந்திருந்தான். அடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பதிவு செய்த சத்தம் தெளிவாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் வேண்டாமென்று விட்டார்களாம். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். சொன்னான். யாருடைய மகன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாடை எனக்குத் தெரியும். 1986இல் நான் வெளியே வைக்கச் சொன்ன தப்பு இரண்டாவது தடவையும் வெளியே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பேத்தியிடம் ஒப்பாரிக் கோச்சியைப் பற்றிச் சொன்னேன். நானுஓயா ஸ்டேசனைத் தாண்டும்போது பஸ்ஸின் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். “தாத்தா, இதை ஏன் எங்களுக்குச் சொல்லித் தரல?” என்றாள். ஆசிரியையைக் கேட்டாளா என்னைக் கேட்டாளா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் தமிழ் கற்பித்தவன் நான்தான்.

அடுத்த மாசியில் அவளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பொட்டல் சுருங்கிவிட்டது, பாதியில் மரக்கறிப் பாத்தி. மாஸ்டரின் பேரன் இப்போது மாஸ்டர், கொப்பியில் எழுதி வைத்துப் பாடுகிறார். கொழும்பில் வேலை செய்கிற பையன்கள் லீவு போட்டு வந்திருந்தார்கள். வேசத்துக்கு ஆள் போதவில்லை, எமன் அந்த வருஷம் இல்லை. ரதி நன்றாகவே பாடினான், எழுதியிருந்தபடி. போனவர்களின் பேர் எதுவும் அந்தப் பாட்டில் வரவில்லை.

ஆட்டம் தொடங்குமுன் பணிய லயத்துக்குப் போனேன். பழைய மாணவன் வந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. “வாங்க சேர்” என்று கதிரையைத் துடைத்துப் போட்டான். 1986 பற்றி நான் பேசத் தொடங்கியதும், “அது கெடக்கு சேர்” என்று கையை ஆட்டினான். நான் விடவில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. குடித்தோம். பிறகு என் பேத்தியைப் பார்த்து, “புள்ளைக்கு அடிக்கணும்னு ஆசையா?” என்றான். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“என்னப் பாக்காத. மாமாகிட்டக் கேளு” என்றேன்.

பொட்டலின் ஓரத்தில் வைக்கோலைக் குவித்து அவன் மகன் நெருப்புப் பற்றவைத்தான். பனியில் தோல் தொய்ந்திருந்தது. தப்பை எப்படிப் பிடிப்பது, விளிம்பை எப்படித் திருப்பித் திருப்பிச் சூடு காட்டுவது என்று பெரியவன் அவள் கையைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தான். சுண்டிப் பார்த்தால் மந்தமாகத்தான் கேட்டது. இன்னும் காய வேண்டும். அவள் அவசரத்தில் நெருப்புக்குள்ளேயே கொண்டுபோகப் பார்த்தாள்.

“அவ்வளவு கிட்ட வேணாம்மா, தோல் சுருங்கிரும்.”

அவள் கையை இழுத்துக்கொண்டு, மறுபடி சுண்டி, காதை அதன்மேல் வைத்துக் கேட்டாள்.

“மாமா, இது போதுமா?”